ஒரு விண்மீனின் தள்ளாட்டம்: அன்றும் இன்றும்

1855. சென்னை நுங்கம்பாக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி நடத்திவந்த வானாய்வகத்தின் இயக்குநர் கேப்டன் வில்லியம் ஸ்டீபன் ஜேக்கப், ஒபியுக்கஸ் விண்மீன் குழுவில் உள்ள ஓர் இரட்டை விண்மீனின் பாதையில் ஒரு பிசகைக் கண்டார். கணக்கு சொன்ன இடத்தில் விண்மீன்கள் இல்லை. கண்ணுக்குத் தெரியாத கோள் ஒன்று அவற்றை இழுத்துக்கொண்டிருக்கலாம் என்று எழுதினார். அப்படி ஒரு கோள் அங்கே இல்லை என்பது பின்னால் தெளிவாயிற்று. என்றாலும் அவர் பிடித்த வழி இன்றுவரை கைவிடப்படவில்லை.

அந்த வழிக்குக் காரணம் எளியது. கோளுக்குச் சொந்த ஒளி இல்லை. நம் வியாழனையே வெகுதொலைவிலிருந்து பார்த்தால், சூரியனின் ஒளியில் ஏறத்தாழ நூறு கோடியில் ஒரு பங்குதான் அதிலிருந்து வரும். ஆனால் சூரியன் வியாழனை இழுப்பதுபோல வியாழனும் சூரியனை இழுக்கிறது. அந்த இழுப்பில் சூரியன் விநாடிக்குச் சுமார் 12 மீட்டர் வேகத்தில் தள்ளாடுகிறது. கோள் தெரியாவிட்டாலும் விண்மீனின் தள்ளாட்டம் தெரியும்.

அதே ஒபியுக்கஸ் குழுவில், வெறும் 6 ஒளியாண்டுத் தொலைவில், பர்னார்டு விண்மீன் இருக்கிறது. பிற விண்மீன்களின் கோள்களைத் தேடும் துறை நடந்துவந்த தூரத்தை இந்த ஒரு விண்மீனை வைத்தே அளந்துவிடலாம்.

அன்று அதைக் கண்காணித்தவர் பீட்டர் வான் டி காம்ப். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் உள்ள ஸ்ப்ரோல் வானாய்வகத்தில், 1938 முதல் ஆண்டுதோறும் அந்த விண்மீனைக் கண்ணாடித் தகடுகளில் படம்பிடித்துவந்தார். பின்னணி விண்மீன்களுக்கு நடுவே அது எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று தகடு தகடாக அளந்தார்கள். அவர் தேடிய அசைவு தகட்டில் ஏறத்தாழ ஒரு மைக்ரோமீட்டர். அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தகடுகளை அளந்த பிறகு, வியாழனைவிடப் பெரிய கோள் ஒன்று அங்கே இருப்பதாக 1963-இல் அறிவித்தார். பாடநூல்கள் வரை அந்தச் செய்தி போய்ச் சேர்ந்தது.

பத்தே ஆண்டுகளில் அது உடைந்தது. ஜார்ஜ் கேட்வுட்டும் ஹைன்ரிக் ஐக்கார்னும் வேறு தொலைநோக்கிகளின் தகடுகளை ஆராய்ந்தார்கள், தள்ளாட்டமே இல்லை. 1949-இல் ஸ்ப்ரோல் தொலைநோக்கியின் லென்சைத் தாங்கும் உறையை மாற்றியிருந்தார்கள். அந்த மாற்றத்தை ஒட்டி மற்ற விண்மீன்களும் சேர்ந்தே தாவியிருந்தன. அசைந்தது கருவி. வான் டி காம்ப் தன் முடிவைக் கடைசிவரை கைவிடவில்லை. 1995 மே மாதம் மறைந்தார்.

அதே ஆண்டு அக்டோபரில், சூரியனைப் போன்ற ஒரு விண்மீனைச் சுற்றும் முதல் கோளை மிஷேல் மேயரும் டிடியே கெலோவும் அறிவித்தார்கள். பிரான்ஸின் ஓட்-புரோவான்ஸ் வானாய்வகத்தில் அவர்கள் அளந்தது விண்மீனின் இடத்தை அல்ல, அதன் நிறமாலையை. விண்மீன் நம்மை நோக்கி வரும்போது நிறமாலைக் கோடுகள் நீலப் பக்கம் நகரும். விலகும்போது சிவப்புப் பக்கம் நகரும். அந்த நகர்வே அதன் வேகத்தைச் சொல்லிவிடும். 51 பெகாசி என்ற அந்த விண்மீனை 4.2 நாளுக்கு ஒருமுறை சுற்றிவரும் அந்தப் பெருங்கோள், 2019-இல் இருவருக்கும் நோபல் பரிசைப் பெற்றுத் தந்தது.

இன்று நிலைமை வேறு. விண்மீனின் முன்னால் கோள் கடக்கும்போது ஒளி சற்றே மங்குவதை வைத்து, 2009 முதல் 2018 வரை இயங்கிய கெப்ளர் தொலைநோக்கி மட்டுமே 2,600-க்கும் மேற்பட்ட கோள்களைத் தந்தது. அப்படிக் கடக்கும் கோளின் காற்றில் ஊடுருவி வரும் ஒளியை ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி பிரித்துப் படிக்கிறது. வாஸ்ப்-39பி என்ற கோளில் கரியமில வாயு இருப்பதை 2022-இல் அப்படித்தான் உறுதிசெய்தார்கள். உறுதியான கோள்களின் எண்ணிக்கை 2025-இல் 6,000-ஐத் தாண்டியது.

பர்னார்டு விண்மீன்? 2018-இல் அங்கே ஒரு கோள் என்றார்கள். அது விண்மீனின் மேற்பரப்புச் செயல்பாட்டின் விளைவே என்று 2021-இல் மற்றொரு குழு காட்டியது. 2024-இல் சிலியின் எஸ்பிரெசோ நிறமாலைமானி 3.15 நாளில் சுற்றும் கோள் ஒன்றைக் கண்டது. 2025-இல் ஹவாயின் ஜெமினி நார்த் தொலைநோக்கியில் பொருத்திய மரூன்-எக்ஸ் கருவியும் அதைக் கண்டது. இரண்டு குழுக்களின் அளவீடுகளையும் சேர்த்துப் பார்த்தபோது நான்கு கோள்கள் உறுதியாயின. நான்கும் பூமியைவிட எடை குறைந்தவை. ஏழு நாளுக்குள் ஒரு சுற்றை முடிப்பவை. தண்ணீர் தங்க முடியாத அளவு சூடானவை. அவை விண்மீனை இழுக்கும் வேகம், தவழும் குழந்தையின் வேகம்தான். அவை நமக்கு நேராகக் கடப்பதாகத் தெரியவில்லை. ஆகவே அவற்றின் காற்றைப் படிக்க இப்போதைக்கு வழியில்லை.

கருவி நுட்பமானது பாதி மாற்றம். கண்டவரே தன் கருவியை முதலில் சந்தேகிப்பதும், வேறொரு மலையில் வேறொரு குழு அதையே காணும்வரை காத்திருப்பதும் மறுபாதி. அந்தப் பழக்கத்தை இந்தத் துறைக்குக் கற்றுத் தந்தவை ஜேக்கப், வான் டி காம்ப் ஆகியோரின் இல்லாத கோள்கள். அவர்களைத் தோற்றவர்கள் என்று ஒதுக்குவது அநியாயம்.

இனி வரும் வேலை இன்னும் கடினம். பூமி நம் சூரியனை இழுப்பது விநாடிக்கு 9 சென்டிமீட்டர் வேகத்தில்தான். சூரியனின் மேற்பரப்பே அதைவிடப் பல மடங்கு கொதித்து அலைகிறது. அன்று லென்சைச் சந்தேகித்ததுபோல, இன்னொரு பூமியைத் தேடுபவர்கள் இனி விண்மீனையே சந்தேகிக்க வேண்டும்.