இரவு இரண்டு மணி வேலை ஓடியதா, இல்லையா?

கடையில் நாள் முழுக்கப் போட்ட பில்களின் தரவுத்தளத்தை இரவில் நகலெடுத்து வேறிடத்தில் வைக்க வேண்டும். இதைச் செய்யும் ஸ்கிரிப்ட் பத்து வரிகூட இருக்காது. அதை இரவு இரண்டு மணிக்குத் தானாக ஓடவைப்பதும் பெரிய வேலையில்லை. விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் அதற்கான கருவி இயங்குதளத்தோடே வருகிறது. ஆனால் இரண்டு மணிக்குக் கம்ப்யூட்டர் அணைந்திருந்தால் என்ன ஆகும்? ஓடத் தொடங்கிய வேலை பாதியில் நின்றால் யாருக்குத் தெரியும்? நேரம் குறிக்கச் சொல்லித்தருபவர்கள் பெரும்பாலும் இந்தக் கேள்விகளுக்கு முன்பே நிறுத்திவிடுகிறார்கள்.

இந்தக் கருவிகளில் மூத்தது க்ரான். 1970களில் பெல் ஆய்வகத்தில் யூனிக்ஸோடு வளர்ந்தது. லினக்ஸ் சர்வர்களில் இன்று புழங்கும் க்ரான்களில் பல, பால் விக்ஸி 1987இல் வெளியிட்டதன் வழிவந்தவை. க்ரான்டேப் என்ற கோப்பில் ஒரு வேலைக்கு ஒரு வரி எழுத வேண்டும். வரியின் தொடக்கத்தில் ஐந்து இடங்கள்: நிமிடம், மணி, தேதி, மாதம், கிழமை. 0 2 * * * என்று எழுதினால் தினமும் இரவு இரண்டு மணிக்கு ஓடும். எளிமைதான், ஆனால் கண்ணிகளும் உண்டு. 0 2 13 * 5 என்று எழுதுபவர், 13ஆம் தேதி வெள்ளிக்கிழமையாக வந்தால் மட்டும் ஓடும் என்று நினைப்பார். க்ரானோ எல்லா மாதமும் 13ஆம் தேதியும் ஓட்டும், எல்லா வெள்ளிக்கிழமையும் ஓட்டும்.

நம் ஊர்க்காரர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டியது ஐந்தரை மணி நேரத்தை. வாடகைக்கு எடுக்கும் கிளவுட் சர்வர்களின் கடிகாரம் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில் இருக்கும். இந்திய நேரமும் இலங்கை நேரமும் அதைவிட ஐந்தரை மணி முன்னால் ஓடுகின்றன. அந்த சர்வரில் 0 2 என்று எழுதினால், இங்கே காலை ஏழரைக்குக் கடை திறக்கும் நேரத்தில் பேக்கப் ஓடும். நம் இரவு இரண்டு மணி வேண்டுமானால் 30 20 என்று எழுத வேண்டும். கிழமை குறிப்பதாக இருந்தால் அதையும் முந்தைய நாளாக மாற்ற வேண்டும், ஏனென்றால் நம் திங்கள் அதிகாலை இரண்டு மணி அந்த சர்வருக்கு ஞாயிறு இரவு எட்டரை.

கையால் ஓட்டினால் ஓடுகிறது, க்ரானில் ஓடவில்லை என்று புதியவர்கள் புலம்புவதற்கும் காரணம் உண்டு. நாம் டெர்மினலைத் திறக்கும்போது நம் அமைப்புகளெல்லாம் ஏற்றப்படும். க்ரான் அவற்றைத் தொடுவதில்லை. நிரல்களை ஓரிரு அடைவுகளில் மட்டுமே தேடும். அதனால் ஒவ்வொரு நிரலுக்கும் கோப்புக்கும் முழுப் பாதையைக் கொடுக்க வேண்டும். கோப்புப் பெயரில் தேதி சேர்க்கப் போடும் % குறி இன்னொரு தொல்லை. க்ரான்டேப்பில் அந்தக் குறி வந்த இடத்திலேயே கட்டளை அறுந்துவிடும். அதற்கு முன்னால் \ போட்டாக வேண்டும்.

விண்டோஸில் இதே வேலைக்கு டாஸ்க் ஷெட்யூலர் இருக்கிறது. மவுஸால் கிளிக் செய்தே நேரம் குறித்துவிடலாம் என்பதால் சுலபமாகத் தெரியும். ஆனால் முன்கூட்டியே டிக் ஆகியிருக்கும் பெட்டிகளைப் படிக்காமல் மூடிவிடக் கூடாது. லேப்டாப் கரண்டில் இருந்தால் மட்டும் ஓட்டு, பேட்டரிக்கு மாறினால் நிறுத்து என்ற இரண்டும் தொடக்கத்திலேயே டிக் ஆகியிருக்கும். நள்ளிரவில் மின்வெட்டு வந்தால் பேக்கப் பாதியில் நின்றுவிடும். பயனர் உள்ளே நுழைந்திருந்தால் மட்டும் ஓட்டு என்பதும் தொடக்க நிலைதான். தவறிய வேலையைக் கூடிய சீக்கிரம் ஓட்டு என்ற பெட்டியோ காலியாக இருக்கும். அதை நாமே டிக் செய்ய வேண்டும்.

தவறிய வேலையைப் பொறுத்தவரை ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம். க்ரானுக்குப் போனது போனதுதான். கம்ப்யூட்டர் அணைந்திருந்த நேரத்து வேலையை அது திரும்பிப் பார்ப்பதில்லை. மேக்கில் 2005இல் வந்த லாஞ்ச்டி, கம்ப்யூட்டர் தூங்கியபோது தவறியதை விழித்ததும் ஒருமுறை ஓட்டும். முழுவதும் அணைத்திருந்தால் அடுத்த வேளைக்காகக் காத்திருக்கும். லினக்ஸில் இப்போது பரவலாக உள்ள சிஸ்டம்டி டைமரில், பெர்சிஸ்டன்ட் என்ற ஒரு வரியைச் சேர்த்தால், அணைந்திருந்தபோது தவறியதைக் கம்ப்யூட்டர் திரும்ப இயங்கியதும் ஓட்டிவிடும். என்ன நடந்தது என்ற லாகும் ஒரே இடத்தில் கிடைக்கும். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு க்ரானைவிட இதையே நான் சிபாரிசு செய்வேன்.

சரியான நேரத்தில் ஓடத் தொடங்கினாலும் வேலை முடிந்துவிட்டது என்று சொல்ல முடியாது. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறான சர்வரில் தரவுத்தள அடைவை அழித்துவிட்டார். சுமார் 300 ஜிபியில் மிஞ்சியது 4.5 ஜிபி. தினமும் தானாக ஓட வேண்டிய பேக்கப் இருக்கிறதே என்று தேடிப் போனால், சேமிப்பிடம் காலியாகக் கிடந்தது. தரவுத்தளம் போஸ்ட்கிரெஸ் 9.6, நகலெடுக்கும் நிரலோ 9.2. பதிப்பு பொருந்தாததால் அந்த வேலை தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோல்வியைச் சொல்லி க்ரான் அனுப்பிய மின்னஞ்சல்களும் முறையான கையொப்பம் இல்லாததால் பெறும் இடத்தில் நிராகரிக்கப்பட்டிருந்தன. வேறொரு வேலைக்காகச் சுமார் ஆறு மணி நேரத்துக்கு முன் ஒருவர் கையால் எடுத்து வைத்த நகல்தான் அவர்களைக் காப்பாற்றியது. இடைப்பட்ட நேரத்துத் தரவுகள் போயே போய்விட்டன. நடந்ததை மறைக்காமல் அந்த நிறுவனமே விரிவாக வெளியிட்டது. அந்த நேர்மையை மதிக்க வேண்டும்.

தோற்றால் தகவல் அனுப்பு என்ற ஏற்பாட்டில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. தகவல் வரவில்லை என்றால் எல்லாம் நன்றாக நடந்தது என்றும் எடுத்துக்கொள்ளலாம், தகவல் அனுப்பும் வழியே செத்துவிட்டது என்றும் எடுத்துக்கொள்ளலாம். எனவே ஏற்பாட்டைத் தலைகீழாக்க வேண்டும். ஸ்கிரிப்ட் வெற்றிகரமாக முடிந்தால், கடைசி வரியில் வெளியே ஒரு கண்காணிப்புச் சேவைக்கு ஒரு சமிக்ஞை போகட்டும். குறித்த நேரத்துக்குள் அது வராவிட்டால் அந்தச் சேவை நம் போனுக்கு எச்சரிக்கை அனுப்பட்டும். சமிக்ஞை அனுப்பும் முன், பேக்கப் கோப்பின் அளவு முந்தைய நாளைவிடத் திடீரெனச் சுருங்கியிருக்கிறதா என்று ஸ்கிரிப்டே பார்த்துவிடுவது நல்லது. மாதம் ஒருமுறையாவது அந்தக் கோப்பை வேறொரு கம்ப்யூட்டரில் மீட்டெடுத்தும் பார்க்க வேண்டும்.

கண்காணிப்புச் சேவை, பேக்கப் ஓடும் அதே கம்ப்யூட்டரில் இருக்கக் கூடாது. கம்ப்யூட்டர் அணைந்தால் எச்சரிக்க வேண்டியதும் சேர்ந்தே அணைந்துவிடும். இரண்டு மணிக்குத் தொடங்கும் வேலை வழக்கமாக இருபது நிமிடத்தில் முடியுமென்றால், மூன்று மணி வரை காத்திருக்கச் சொல்லிவிட்டு அதற்கு மேல் எச்சரிக்கை வரும்படி வைத்தால் போதும்.