வெப்பத்தை இடம்பெயர்க்கும் எந்திரம்

மைசூருக்குத் தெற்கே, கபிலை ஆற்றங்கரையில் அமைந்த ஊர் நஞ்சன்கூடு. இவ்வட்டாரத்துப் பழைய வீடுகளின் குளியலறையில் அடுப்பின்மேல் பதித்த செப்பு அண்டா ஒன்று இருக்கும். கன்னடத்தில் அதனை 'ஹண்டே' என்பர். விறகெரித்தால் வீட்டார் அனைவருக்கும் வெந்நீர் கிடைக்கும்; கண்ணெரியப் புகையும் கிடைக்கும். பின்னர் மின்சார கீசரும் சூரிய வெந்நீர்க் கலனும் வந்தன. இன்று வெப்ப எக்கி என்னும் 'ஹீட் பம்பு' கடைகளில் விற்கப்படுகிறது.

வெப்ப எக்கி வெப்பத்தைப் புதிதாக உண்டாக்குவதில்லை. ஓரிடத்து வெப்பத்தை வேறோரிடத்திற்குக் கொண்டு சேர்க்கிறது. குளிர்பதனப் பெட்டி உள்ளிருக்கும் வெப்பத்தை வெளியே தள்ளுவதும் இம்முறையில்தான். எக்கியினுள் ஓடும் பாய்மம் வெளிக்காற்றின் வெப்பத்தை ஏற்று ஆவியாகிறது. அமுக்கி அவ்வாவியை அழுத்த, அதன் வெப்பநிலை உயர்கிறது. சூடேறிய ஆவி தன் வெப்பத்தை நீருக்கு அளித்து மீண்டும் நீர்மமாகிறது. பின்னாளில் கெல்வின் பிரபு எனப்பட்ட வில்லியம் தாம்சன் 1852ஆம் ஆண்டிலேயே இத்தகைய எந்திரம் இயலும் என்று விளக்கினார்.

நூறு லிட்டர் நீரை 20 டிகிரியிலிருந்து 50 டிகிரி செல்சியசுக்குச் சூடாக்க ஏறத்தாழ 3.5 யூனிட் ஆற்றல் தேவை. கீசர் அதனை முழுவதும் மின்சாரமாகவே எடுத்துக்கொள்ளும். ஒரு பங்கு மின்சாரத்திற்கு மூன்று பங்கு வெப்பம் தரும் எக்கிக்கு ஏறத்தாழ 1.2 யூனிட் போதும். எஞ்சியதைக் காற்று தருகிறது. காற்று குளிரக் குளிர இப்பயன் குறையும். நஞ்சன்கூட்டில் கடுங்குளிர் இல்லை. ஆதலால் எக்கி எளிதாக இயங்கும். எனினும் அதன் விலை கீசரைவிட மிகுதி. நாள்தோறும் பல வாளி வெந்நீர் செலவாகும் விடுதிக்கு அது ஏற்றது. இருவர் வாழும் வீட்டிற்கு, கூரையில் நல்ல வெயில் விழுமாயின், சூரியக் கலனே தக்கது. எதை வாங்கினும் தொட்டியைச் சுற்றி நுரைப்பஞ்சுக் காப்பு உண்டா எனப் பார்த்தல் வேண்டும். இல்லையேல் இரவில் சூடான நீர் விடிவதற்குள் ஆறிவிடும்.

தமிழர் பலர் குடியேறியுள்ள நார்வே, கனடா போன்ற பனிநாடுகளில் எக்கி வீட்டையே சூடாக்குகிறது. அங்குத் தொட்டிக்குச் சொன்னது வீட்டுக்கும் பொருந்தும். சன்னல் இடுக்கிலும் கூரையிலும் வெப்பம் கசியும் வீடு ஓட்டைப் பானை போன்றது. முதலில் சுவருக்கும் கூரைக்கும் வெப்பக் காப்பு அமைத்தால் சிறிய எக்கியே போதும். பெரிய எக்கியை வாங்கிவிட்டுப் பிறகு காப்பு அமைத்தால், அது அடிக்கடி நின்று நின்று ஓடித் தேய்வுறும். கொடுத்த பணமும் வீண்.

நஞ்சன்கூட்டில் காப்பின் வேலை தலைகீழாகிறது. ஏப்ரல் வெயிலில் காய்ந்த கான்கிரீட் கூரை இரவெல்லாம் அறைக்குள் அனலை உமிழும். அவ்வனலை வெளியேற்றப் பாடுபடும் ஏசியும் ஒருவகை வெப்ப எக்கியே. தமிழ்நாட்டு மொட்டை மாடிகளில் சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் கலந்து தளம் போட்டு, மேலே தட்டோடு பதித்தனர். மழைநீர் இறங்காமலிருக்கச் செய்த அவ்வேற்பாடு வெயிலையும் ஓரளவு தடுத்தது. இன்று வெண்ணிறக் குளிர்பூச்சு அடிப்பது அதனினும் எளிது. ஏசி வாங்குவதற்கு முன்பே அதனைச் செய்துவிடலாம்.