ஈரக்காற்றிலும் குரலைக் காக்கும் ஒலிவாங்கி

வடமராட்சி கிழக்கு மருதங்கேணியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் 2017 இல் தொடர் போராட்டத்தைத் தொடங்கினர். வடக்குக் கிழக்கில் இவ்வாறு போராடிய பெற்றோரில் பலர் பதில் கிடைக்காமலேயே இறந்துவிட்டனர். எஞ்சியவர்களின் சாட்சியங்களைப் பதிவுசெய்வதைத் தள்ளிப்போட முடியாது. ஆனால் மாரி காலத்தில், கடலோரக் கிராமத்தில், விலை கூடிய ஒலிவாங்கியே திடீரென இரைந்து அந்தப் பதிவைக் கெடுத்துவிடலாம். அதற்கான காரணம் அதன் மின்சுற்றில் இருக்கிறது.

கொண்டென்சர் ஒலிவாங்கியின் உள்ளே அருகருகே இரண்டு தகடுகள் உள்ளன. ஒன்று அசையாதது. மற்றையது மெல்லிய படலம். குரல் பட்டதும் படலம் அதிர்கிறது, இடைவெளி மாறுகிறது, அதனுடன் கொள்ளளவமும் மாறுகிறது. சாதாரண வகையில் தகடுகளில் மின்னேற்றத்தைத் தேக்கிவைத்து, கொள்ளளவ மாற்றத்தை மின்னழுத்த மாற்றமாக எடுக்கிறார்கள். தேக்கிய மின்னேற்றம் கசியக்கூடாது என்பதால் அங்கு 100 கோடி ஓம் அளவிலான தடையைப் பொருத்துகிறார்கள். உவர்க்காற்றின் ஈரம் படிந்தால் மின்னேற்றம் அதன் வழியே கசிகிறது. வெடிப்பொலியும் இரைச்சலும் எழுகின்றன.

வானொலி மீடிறன் கொண்டென்சர் ஒலிவாங்கி வேறு வழியில் இயங்குகிறது. தொண்ணூறுகளில் மின்சாரமின்றி, சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்டவர்களுக்கு இது எளிதில் விளங்கும். நிலையம் பிடிக்கக் குமிழைத் திருப்பும்போது பழைய றேடியோவினுள் ஒரு கொண்டென்சரின் தகடுகள் நகர்கின்றன, சுற்றின் இசைவு மாறுகிறது. இந்த ஒலிவாங்கியில் குமிழைத் திருப்பும் வேலையைப் பேசுபவரின் குரலே செய்கிறது. உள்ளே உள்ள அலைவாக்கி ஏறக்குறைய 8 மெகாஹேர்ட்ஸ் மின்னலையை உண்டாக்குகிறது. படலம் அதிர, அந்த அலையில் மாற்றம் ஏற்படுகிறது. அடுத்த சுற்று அந்த மாற்றத்தை மட்டும் பிரித்துக் குரலாகத் தருகிறது.

இனிக் கணக்கைப் பார்ப்போம். 50 பிக்கோபரட் கொண்டென்சர், 50 ஹேர்ட்சில் 6 கோடி ஓமுக்கு மேல் எதிர்ப்புக் காட்டும். 8 மெகாஹேர்ட்சில் அது வெறும் 400 ஓம்தான். 400 ஓம் சுற்றின் அருகே, ஈரத்தால் உண்டாகும் 10 கோடி ஓம் கசிவு ஒரு பொருட்டே அல்ல. ஜெர்மனியின் சென்ஹைசர் எம்கேஎச் 416 இந்த முறையில் இயங்குவது. அது 1970 களிலிருந்து வெளிக்களப் பதிவுகளில் பயன்படுகிறது.

சாட்சியம் சொல்பவர் அஞ்சத் தேவையில்லாத ஒன்றும் உண்டு. இது கம்பியில்லா ஒலிவாங்கி அல்ல. அந்த மின்னலை உள்ளேயுள்ள சுற்றிலேயே நின்றுவிடுகிறது. குரல் கம்பி வழியாகப் பதிவுக் கருவிக்குத்தான் செல்கிறது.

இதன் விலை அதிகம். காற்று மோதும் ஒலியை இதுவும் தடுக்காது, அதற்குத் தனி உறை வேண்டும். வாங்க முடியாதவர்களுக்கு மேடைகளில் பயன்படும் டைனமிக் ஒலிவாங்கி போதும். அதில் கசிவதற்குத் தேக்கிய மின்னேற்றம் இல்லை. வாய்க்கு அருகில் பிடித்தால் சரி. சாதாரண கொண்டென்சர் வகையைச் சிலிக்கா ஜெல் பொதிகளுடன் மூடிய பெட்டியில் வையுங்கள். குளிரூட்டிய வாகனத்திலிருந்து இறங்கியவுடன் திறக்காமல், பெட்டிக்குள்ளேயே சிறிதுநேரம் விடுங்கள். பேசுபவரை உட்காரவைக்கும் முன் ஹெட்போனில் ஒரு நிமிடம் கேட்டுப் பாருங்கள். இரைச்சலுக்காக அந்த வேதனையை இரண்டாம் தடவை சொல்லும்படி எவரிடமும் கேட்கக்கூடாது.