இனிப்பு இருக்கும், சுகர் ஏறாது... ஜிகர்தண்டாவில் 'அல்லுலோஸ்' சாத்தியமா?

மதுரை விளக்குத்தூண் பக்கம் போய்விட்டு ஜிகர்தண்டா குடிக்காமல் திரும்புவது கஷ்டம். ஆனால், கூட வந்தவருக்கு சுகர் இருந்தால் "நீ குடிப்பா, எனக்கு வேணாம்" என்று ஒதுங்கிவிடுவார். ஐசிஎம்ஆர் - இண்டியாப் ஆய்வின்படி (2023) தமிழ்நாட்டில் 20 வயதைக் கடந்தவர்களில் 14.4% பேருக்கு சர்க்கரை நோய். தேசிய சராசரி 11.4%தான்.

இனிப்பும் வேணும், சுகரும் ஏறக் கூடாது. இதற்கு வழி இருக்கா? விஞ்ஞானிகள் கைகாட்டுவது 'அரிய சர்க்கரை'களை. அதில் முக்கியமானது அல்லுலோஸ்.

அல்லுலோஸ்னா என்ன?

அத்திப்பழம், உலர்திராட்சையில் துளியளவு இயற்கையாகவே இருக்கும் சர்க்கரை இது. பழச் சர்க்கரையான ஃபிரக்டோஸில் உள்ள அதே அணுக்கள்தான் இதிலும். மூன்றாவது கார்பனில் ஒட்டியிருக்கும் ஒரு பகுதி மட்டும் திசை மாறியிருக்கும். அவ்வளவுதான் வித்தியாசம்!

அதனால், உடல் இதை எரிபொருளாகப் பயன்படுத்துவதில்லை. உறிஞ்சப்பட்டதில் பெரும்பகுதி சிறுநீரில் அப்படியே வெளியேறிவிடும். சாதாரண சர்க்கரையில் கிராமுக்கு 4 கலோரி. இதில் சுமார் 0.4 கலோரி. இனிப்பு 70% இருக்கும்.

எப்படித் தயாரிக்கிறார்கள்?

1990களில் ஜப்பானின் ககாவா பல்கலைக்கழகத்தில் கென் இசுமோரி குழு, மண்ணில் வாழும் பாக்டீரியா ஒன்றில் இந்தத் திசையை மாற்றும் நொதியைக் கண்டறிந்தது. மாவைப் புளிக்க வைக்க நுண்ணுயிரிகளை நம்புகிறோம் இல்லையா? அதுபோல இங்கேயும் வேலை அவர்களுடையதுதான்.

* முதலில் ஒரு நொதி, கரும்புச் சர்க்கரையை குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் எனப் பிரிக்கும்.
* அடுத்த நொதி ஃபிரக்டோஸை அல்லுலோஸாக மாற்றும்.
* கடைசியில் அல்லுலோஸை மட்டும் தனியே பிரித்தெடுப்பார்கள்.

அப்புறம் ஏன் விலை அதிகம்?

நொதி எவ்வளவு நேரம் வேலை செய்தாலும் ஃபிரக்டோஸில் சுமார் 30% மட்டுமே மாறும். 100 கிராம் சர்க்கரையில் பாதிதான் ஃபிரக்டோஸ். அதாவது, ஒரு சுற்றில் கிடைப்பது 15 கிராம் அளவுக்குத்தான். மீதியைப் பிரித்து, திரும்பவும் சுற்றில் விட வேண்டும். செலவு ஏறுவது இங்கேதான்.

இந்தியாவில்?

மொஹாலியில் இயங்கிவந்த மத்திய அரசின் உயிரிச் செயலாக்க ஆய்வு மையத்தில் சுதிர் சிங் குழு, பழம், காய்கறிக் கழிவுகளிலிருந்து அல்லுலோஸ் தயாரித்துக் காட்டியுள்ளது. வெந்நீர் ஊற்று நுண்ணுயிரிகளின் மரபணுவிலிருந்து சூடு தாங்கும் நொதியையும் கண்டறிந்தது.

மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் மிச்சமாகும் பழங்களை நினைத்துப் பாருங்கள். கரும்பு வரத்து குறைந்து மூடிக்கிடக்கும் அலங்காநல்லூர் கூட்டுறவு சர்க்கரை ஆலையையும்! ஆய்வகத்தில் ஜெயித்த முறை ஆலைக்கு வர, அந்த 30% கணக்கு கட்டுபடியாக வேண்டும்.

கவனிக்க...

* ஒரே நேரத்தில் அதிகம் சாப்பிட்டால் வயிறு உப்பும், வயிற்றுப்போக்கு வரலாம். ஒரு வேளைக்கு, உடல் எடையில் கிலோவுக்கு 0.4 கிராமைத் தாண்டக் கூடாது என்கிறது கொரிய ஆய்வு. 60 கிலோ நபருக்கு 24 கிராம்.
* லேபிளில் 'மொத்த சர்க்கரை' கணக்கில் சேர்க்க வேண்டாம் என 2019-ல் அமெரிக்கா சலுகை தந்தது.
* இது மருந்து இல்லை. மாத்திரையை நிறுத்தும் முன் டாக்டரைக் கேளுங்கள்.

இன்னொன்று: நன்னாரி சர்பத்தில் அல்லுலோஸ் ஊற்றினாலும், பாலில் இருக்கும் லாக்டோஸும் ஐஸ்கிரீமில் இருக்கும் சர்க்கரையும் எங்கேயும் போகாது. சுகர் உள்ளவர்களுக்கு அப்போதும் அரை கிளாஸ்தான் நல்லது.