பாகற்கொடியின் விரல்

பந்தலின் கீழ் நின்று காயை மட்டும் பறித்துக்கொண்டு போய்விடுகிறோம். காய்க்கு மேலே, இலைக்காம்பின் அருகிலிருந்து ஓர் இளம்பச்சை இழை புறப்பட்டு, கண்ணின்றி, ஓசையின்றி, காற்றில் மெல்ல வட்டமிட்டபடி எதையோ தேடிக்கொண்டிருக்கிறதே, அதை நம்மில் எத்தனை பேர் நிமிர்ந்து பார்த்திருக்கிறோம்?

பற்றுக்கம்பி என்பது தாவரவியல் அதற்கு இட்ட பெயர். அந்தத் தளிர்விரலுக்கு வாய்த்த நுண்ணுணர்வை என்னவென்பது! குச்சி ஒன்று உரசினால் சிறிது நேரத்திலேயே வளைந்து தழுவிக்கொள்கிறது. மழைத்துளி விழுந்தால் சுருள்வதில்லை. தாங்க வந்தது எது, தொட்டுவிட்டு வழிந்தோடுவது எது என்று அந்தச் சிற்றுயிருக்கு யாரோ சொல்லிவைத்திருக்கிறார்கள். யாரோ என்று எழுதும்போதே கை கூப்பத் தோன்றுகிறது.

பற்றிய பிறகு நடப்பதுதான் பேரதிசயம். ஒரு முனை கொடியில், மறுமுனை கொம்பில். இரு முனையும் கட்டுண்ட இழை ஒரே திசையில் சுருண்டுகொண்டே போனால் முறுக்கேறி அறுந்துவிடும். ஆகவே நடுவில் ஓரிடத்தில் அது திசை திரும்புகிறது. ஒரு பாதி வலஞ்சுழி, மறுபாதி இடஞ்சுழி. சுற்றுகள் இருபுறமும் ஏறக்குறைய சமம். சுருளச் சுருள இழை குறுகி, கனத்த கொடியைக் கொம்பருகே அணைத்துக்கொள்கிறது. எவ்வளவு இறுக்கமான பிடி, ஆனால் பிடித்ததைத் திருகாத பிடி! நாமோ அன்பு என்று சொல்லிக்கொண்டே பிள்ளைகளை எவ்வளவு முறுக்கிவிடுகிறோம்.

பாகலின் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு வேலிக்கொடியைப் பார்ப்பதற்கென்றே சார்லஸ் டார்வின் சூறைக்காற்றில் வெளியே போய் நின்றிருக்கிறார். கிளைகள் அலைக்கழிய, அந்தச் சுருள்கள் நீண்டும் சுருங்கியும் கொடியைக் காத்தன என்று, ஏறுகொடிகளைப் பற்றி 1875-இல் வெளிவந்த நூலில் எழுதினார். 2012-இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் கண்டது இன்னும் வியப்பு. வெள்ளரியின் முதிர்ந்த பற்றுக்கம்பியைப் பிடித்து இழுத்தால், அவிழ்வதற்கு முன் அது மேலும் சில சுற்றுச் சுருண்டுகொள்கிறது. விலக்க விலக்க நெருங்கும் அன்பை அடியார்கள் பாடினார்கள்; வெள்ளரி அதை வாய் பேசாமல் செய்கிறது.

குரங்குக்குட்டி தாயைப் பற்றிக்கொள்வதுபோல் நாம் இறைவனைப் பற்றுகிறோமா, பூனை தன் குட்டியைக் கவ்விச் செல்வதுபோல் அவன் நம்மைத் தூக்கிச் செல்கிறானா என்று வைணவப் பெரியோர் நெடுங்காலம் வாதிட்டார்கள். பாகற்பந்தலின் முன் நிற்கையில் எனக்கு அந்த வழக்கு கரைந்துவிடுகிறது. பற்றுவது கொடிதான். ஆனால் பற்றும் விரலை அது உழைத்துச் சம்பாதிக்கவில்லை. பந்தலைக் கண்டறியாத விதைக்குள், மண்ணின் இருளிலேயே, அந்த விரல் அதற்கு அருளப்பட்டிருந்தது. நம்முடைய தேடலும், தவிப்பும், கூப்பிய கைகளும் நம் சொந்தச் சொத்து என்று இனி எப்படிச் சொல்வேன்?

அப்படி ஒரு விரல் வாய்க்காத முல்லைக்கோ பறம்புமலையில் ஒரு பாரி வந்தான். அது கேட்கவும் இல்லை. தன் தேரையே கொழுகொம்பாக விட்டுவிட்டு நடந்து போனான்.