அடி உதவுமா, சார்?

"நீங்க ரொம்ப சாஃப்ட் சார்! கொஞ்சம் புட் யுவர் ஃபுட் டவுன்!" என்றார் முதலாளி.

காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுப் புடவைக் கடையில் பகுதி நேரமாகக் கணக்கு எழுதுகிறேன் (பத்திரிகையில் எழுதி வரும் சன்மானம் பேனா மைக்குத்தான் காணும்!). எனக்கு உதவியாக ஒரு பையன். ஒன்பதரைக்கு வர வேண்டியவன், ஒரு வாரமாகப் பத்துக்குத்தான் வந்தான். முதலாளி ஏற்றிவிட்ட வேகத்தில் அன்றைக்குப் பிடித்துக்கொண்டேன். கல்யாண ஜவுளி எடுக்க வந்த கூட்டம் வேடிக்கை பார்க்க, காய்ச்சி எடுத்துவிட்டேன். பையன் ஒரு வார்த்தை பேசவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டுப் போய்விட்டான். மறுநாள் ஆளையே காணோம்.

ராத்திரி டிக்ஷனரியைப் புரட்டினேன். கண்டிப்புக்கென்று இங்கிலீஷ்காரன் சேர்த்து வைத்திருக்கும் சாமான்களைப் பார்க்க வேண்டுமே! 'க்ராக் தி விப்' - சவுக்கைச் சொடுக்கு. 'அயர்ன் ஹேண்ட்' - இரும்புக் கை. 'புட் யுவர் ஃபுட் டவுன்' - காலை அழுத்தி ஊன்று, இம்மி நகராதே. நமக்கு இவ்வளவு எதற்கு? 'அடி' என்ற ஒரே சொல்லில் காலும் இருக்கிறது, உதையும் இருக்கிறது!

'ரீட் தி ரயட் ஆக்ட்' என்றால் கூப்பிட்டு டோஸ் விடுவது. அது நிஜமாகவே ஒரு காலத்தில் இருந்த சட்டம். பிரிட்டனில் 1715-ல் அமலுக்கு வந்தது. 12 பேரோ அதற்கு மேலோ கூடிக் கலாட்டா செய்தால், கலைந்து போகச் சொல்லி மாஜிஸ்திரேட் உரக்கப் படிப்பார். கலையாவிட்டால் மரண தண்டனைகூட உண்டு. ஆனால், படித்த பிறகு ஒரு மணி நேரம் அவகாசம்! நான் ஒரு நிமிஷம் கொடுத்தேனா? ஏன் லேட் என்றாவது கேட்டேனா?

மனசு உறுத்த, அடுத்த நாள் சாயந்திரம் அவன் வீட்டுக்குக் கிளம்பினேன். வழியில் உலகளந்த பெருமாள் கோயில். 30 அடிக்கு மேல் உயரமாக நிற்கிறார். ஒரு கால் வானத்தில், மறு கால் மகாபலி தலையில். ஃபுட் டவுன் என்றால் இதுதான்! ஆனால், மிதிபட்டவனால் தன்னைப் பார்க்க முடியவில்லையே என்று இரங்கி, பக்கத்திலேயே ஆதிசேஷனாகக் காட்சி கொடுத்தார் என்கிறது ஸ்தல புராணம்.

பையன் வீட்டில் குழித்தறி. அப்பா நெய்ய, பையன் பக்கத்தில் உட்கார்ந்து நாடா தள்ளிக்கொண்டிருந்தான். கோர்வைப் புடவை. உடலுக்கு ஒன்று, இரண்டு கரைக்கு இரண்டு என மூன்று நாடா. துணைக்கு ஆள் வேண்டும்.

"கூட வர்ற ஆளு நின்னுட்டான் சார். அதான் காலையில இவனைப் பிடிச்சு வச்சிக்கினேன். தப்பு என்னுதுதான்" என்றார் அப்பா.

"எல்லார் முன்னாடியும் கத்தினது என் தப்புங்க. கொஞ்சம் கண்டிப்பா இருக்கலாம்னு..." என்று இழுத்தேன்.

அவர் குழிக்குள் காலைக் காட்டினார். "மிதிக்காம தறி ஏது சார்? மிதிச்சாத்தான் பாவு பிரிஞ்சு நாடா ஓடும். ஆனா, மிதிச்சிக்கினே இருந்தா? இந்தக் காலை எடுத்து அந்தக் காலை மிதிச்சாத்தானே புடவை வளரும்!"

பத்து மணி என்று பேசி முடித்தோம். "அதுக்கு மேல ஒரு நிமிஷம் லேட்டானாலும் சம்பளத்துல கை வைப்பேன்!" என்றேன். ஊன்றவும் ஊன்றியாச்சு, எடுக்கவும் எடுத்தாச்சு!

மறுநாள் பையன் 9.55-க்கே ஆஜர். பஸ் கிடைக்காமல் 10.10-க்கு நுழைந்தது நான்தான். கடிகாரத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"கடையில கூட்டமா இருக்கு சார். அப்புறமா தனியாத் திட்டிக்கிறேன்!"