இலியோஸ்டமி செய்தவர்கள் தேங்காயையும் கீரையையும் கைவிட வேண்டுமா?

தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டங்களில் காலைச் சாப்பாடு என்றால் பெரும்பாலும் கோதுமை மா ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும்தான். வயிற்றில் பையுடன் வைத்தியசாலையிலிருந்து லயத்துக்குத் திரும்பும் ஒருவருக்கு முதல் சந்தேகம் இந்தத் தட்டிலேயே வந்துவிடுகிறது. தேங்காய் சாப்பிடலாமா? கோவா, லீக்ஸ், கீரை?

சிறுகுடலின் கடைசிப் பகுதியை வயிற்றுச் சுவர் வழியாக வெளியே கொண்டுவரும் சத்திரசிகிச்சையே இலியோஸ்டமி. புற்றுநோய், குடல் அழற்சி போன்றவற்றுக்காக இதைச் செய்கிறார்கள். செல் துண்டோ துப்பாக்கிச் சன்னமோ வயிற்றைத் துளைத்தவர்களுக்கும் இது தேவைப்படலாம்.

நார்ச்சத்து சிறுகுடலில் செரிப்பதில்லை. பெருங்குடலில் உள்ள நுண்ணுயிர்கள்தான் அதை உடைக்கின்றன. இலியோஸ்டமி உள்ளவருக்கு உணவு அங்கே போவதே இல்லை. மெல்லாமல் விழுங்கிய நார் திரண்டு, வயிற்றுச் சுவரைக் கடக்கும் ஒடுங்கிய இடத்தில் சிக்கிக்கொள்ளும். சத்திரசிகிச்சைக்குப் பின் குடல் வீங்கியிருப்பதால் முதல் 6 முதல் 8 வாரங்கள் கூடுதல் கவனம் தேவை.

அந்த நாட்களில் வெள்ளைச் சோறு, பாண், மசித்த உருளைக்கிழங்கு, முட்டை, மீன், வாழைப்பழம், தோல் சீவி அவித்த கரட் போதும். பிறகு ஒரு நேரத்தில் ஒரு புதிய உணவு மட்டும், அதுவும் சிறிதளவு. இரண்டு மூன்று நாட்கள் பார்த்துவிட்டு அடுத்ததைத் தொடங்கலாம். என்ன சாப்பிட்டோம், என்ன நடந்தது என்று ஒரு கொப்பியில் குறித்து வைப்பது நல்லது.

தேங்காய்ப்பூ அடைப்பை ஏற்படுத்தக்கூடியது. பிழிந்து வடித்த பாலில் அந்த ஆபத்து இல்லை. ஆகவே சம்பலுக்குப் பதிலாகச் சொதி வைக்கலாம். கோவாவையும் கீரையையும் பொடியாக அரிந்து நன்றாக வேகவைக்க வேண்டும். போஞ்சியின் நாரை உரித்துவிடுங்கள். முருங்கைக்காயின் சதையை மட்டும் சாப்பிட்டுச் சக்கையைத் துப்புங்கள். சோளம், கச்சான், காளான், அன்னாசி, பலாக்காய் ஆகியவற்றில் அவசரம் வேண்டாம். பீட்ரூட் சாப்பிட்டால் பையில் சிவப்பாக வரும். இரத்தம் என்று பயப்படாதீர்கள்.

எதைச் சாப்பிட்டாலும் கூழாகும்வரை மெல்லுங்கள். மலையில் கொழுந்து எடுப்பவர்கள் கிடைக்கும் சிறு இடைவேளையில் அள்ளிப்போட்டுக்கொண்டு எழுவது இங்கேதான் ஆபத்தாகிறது.

மலையில் கழிப்பறை இல்லை என்பதற்காகத் தண்ணீர் குடிக்காமல் இருக்கும் பெண்கள் பலர். இலியோஸ்டமி உள்ளவர் அப்படி இருக்கக் கூடாது. தண்ணீரையும் உப்பையும் உறிஞ்சுவதில் பெருங்குடலுக்குப் பெரிய பங்கு உண்டு. அது பயன்படாதபோது உடல் விரைவில் வறண்டு சிறுநீரகமும் பாதிக்கப்படலாம். பை வழக்கத்தைவிட அடிக்கடி நீராக நிரம்பினால் வெறும் தண்ணீரை மட்டும் குடித்துச் சமாளிக்க முடியாது. ஜீவனியைப் பொதியில் சொன்ன அளவில் கரைத்துக் குடியுங்கள். குறையாவிட்டால் வைத்தியரிடம் போங்கள்.

நான்கு முதல் ஆறு மணி நேரம் பையில் எதுவும் வராமல், அல்லது நாற்றத்துடன் நீர் மட்டும் வந்து, வயிறு ஊதி முறுக்கி வலித்தால் அது அடைப்பாக இருக்கலாம். உடனே திட உணவை நிறுத்துங்கள். பேதி மருந்து எடுக்கவே கூடாது. வாந்தியும் சேர்ந்தால் விடியும்வரை காத்திருக்காமல் வைத்தியசாலைக்குப் புறப்படுங்கள். போனவுடன் முதலில் சொல்ல வேண்டியது, "எனக்கு இலியோஸ்டமி இருக்கிறது" என்பதைத்தான்.

பயத்தில் மரக்கறியையே விட்டவர்கள் மெலிந்து, பலவீனமாகிவிடுகிறார்கள். அநேகமானோர் சில மாதங்களில் வீட்டாருடன் ஒரே சட்டிக் கறியைச் சாப்பிடும் நிலைக்கு வந்துவிடலாம். உங்கள் நிலைக்கு எது பொருந்தும் என்பதைச் சிகிச்சை அளித்த வைத்தியரிடமும் தாதியிடமும் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.